பழைய ஜீப்பு வாங்கணும்: அமெரிக்கன் வில்லிஸா, நம்ம மஹிந்திராவா?

மலைக்காத்து:

அண்ணன்மாருக்கு வணக்கம். போடியில இருந்து எழுதுறேன். கேரளா பக்கம் பூப்பாறை தாண்டி உள்ள எங்கப்பா காலத்து ஏலக்காத் தோட்டம் மூணு ஏக்கர் இருக்கு, தார் ரோட்ட விட்டு எறங்குனா ரெண்டரை கிலோமீட்டர் வெறும் கல்லும் சகதியும்தான், மழை புடிச்சா பைக்கெல்லாம் பேச்சுக்கே எடமில்ல. இதுவரைக்கும் பக்கத்து தோட்டத்துக்காரர் ஜீப்புக்கு வாடகை குடுத்து பச்சக்காய காய வைக்கிற ஸ்டோருக்கு ஏத்திக்கிட்டு இருந்தோம், அவரு வண்டிய வித்துட்டாரு, இப்ப ஒவ்வொரு எடுப்புக்கும் யாரையாச்சும் கெஞ்ச வேண்டியிருக்கு.

சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு. ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன்.

ஒண்ணு கோயமுத்தூர் பக்கம். "ஒரிஜினல் அமெரிக்கன் வில்லிஸ், 1944, உலகப்போர்ல ஓடுன வண்டி, இம்போர்ட்டட்" அப்டின்னு ஓனர் போன்ல ஒரு மணி நேரம் பேசுறாரு. லோ பானட்டு, பச்ச பெயிண்ட், பானட்ல வெள்ள நட்சத்திரம், போட்டோல பாத்தா கண்ணு எடுக்க முடியல. 7 லட்சம் சொல்றாரு, ஆறேகாலுக்கு எறங்குவாராம்.

இன்னொன்னு கம்பத்துல. மஹிந்திரா எம்எம் 540, 1991 மாடல், டீசல், தோட்டத்துலயே பொறந்து வளந்த வண்டி மாதிரி இருக்கு, தரை ரெண்டு எடத்துல ஓட்ட விழுந்து கீழ ரோடு தெரியுது. 2.80 கேக்குறாங்க.

வாரத்துல மூணு நாள் மலைக்கு போவேன், நாலு ஆளு, அஞ்சாறு சாக்கு, சில நேரம் உர மூட்டை. மனசு வில்லிஸ் பக்கம், வீட்டுக்காரம்மா மஹிந்திரா பக்கம் (அவங்க ரெண்டு வண்டியையும் பாக்கல, வெலய மட்டும் பாத்தாங்க). இம்போர்ட்டட் இரும்பு கனமா இருக்கும் நூறு வருஷம் நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா? வில்லிஸ் எடுத்து வேலைக்கும் வச்சுக்கலாம் அழகுக்கும் வச்சுக்கலாம்னு நெனைக்கிறது தப்பா?

---

சைடுவால்வு:

ஏனுங்க தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த கோயமுத்தூர் வண்டில ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

நான் 16 வருசமா ஒரு ஃபோர்டு ஜிபிடபிள்யூ வச்சிருக்கறனுங்க, அதனால இந்த "1944 ஒரிஜினல்" கதைய எத்தனையோ தடவ கேட்டிருக்கறேன். உலகப்போர் ஜீப்பு ரெண்டு பேரு பண்ணுனாங்க, வில்லிஸ் பண்ணுனது எம்பி, அதே டிசைன்ல ஃபோர்டு பண்ணுனது ஜிபிடபிள்யூ. ரெண்டும் சேத்து 1941ல இருந்து 45க்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேல பண்ணிருக்காங்க, அத்தனையும் லெஃப்ட் ஹேண்டு. ரைட் ஹேண்டுல ஒண்ணு நின்னுதுன்னா ஒண்ணு யாரோ மாத்திருக்கோணும், இல்லன்னா அது எம்பியே இல்லீங்க.

நேர்ல போனா பெயிண்ட பாக்காதீங்க. பெயிண்டு நானும் ஒரு ஞாயித்துக்கிழமைல அடிச்சுருவேன், நட்சத்திரம் அட்டைய வெட்டி வச்சு ஸ்ப்ரே பண்ணுனா வந்துரும். முன்னாடி கிரில்லுல ஓட்டை எத்தனைன்னு எண்ணுங்க. போர் வண்டிக்கு தகட அமுக்கி பண்ணுன கிரில்லுல 9 ஓட்டை (ரொம்ப ஆரம்பத்துல வந்த எம்பில மட்டும் பட்டைகள வெல்டு பண்ணி கம்பிக்கதவு மாதிரி இருக்கும்), போர் முடிஞ்சு சிவிலியனுக்கு வந்த சிஜே வண்டிகள்ல 7. ஹெட்லைட்டு கிரில்லுக்கு உள்ள தள்ளி சின்னதா இருக்கோணும், நட்டக் கழட்டி அப்டியே பின்னாடி திருப்புனா இன்ஜின் மேல வெளிச்சம் விழுகும், ராத்திரி ரிப்பேருக்குன்னு அப்டி பண்ணி வச்சாங்க. பின்னாடி டெயில்கேட்டு இருக்கவே கூடாது, முழுத் தகடு, அதுமேல ஸ்டெப்னி. டிரைவர் சீட்டத் தூக்குனா அதுக்கடியில பெட்ரோல் டேங்க். அப்பறம் கீழ படுத்து ரேடியேட்டருக்கு அடியில சேசிஸ் குறுக்குக் கட்டைய பாருங்க, உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ், கவுத்துன ப மாதிரி இருந்தா ஃபோர்டு. நம்பரு வில்லிஸ்ல சேசிஸ்ஸோட இடது பக்க உள்புறம் தகடு வச்சு ரிவெட் அடிச்சிருக்கும், ஃபோர்டுல இடது ரெயிலு மேலயே குத்தியிருக்கும். ஃபோர்டுக்காரன் போல்ட்டு தலைல கூட எஃப்னு எழுத்து போட்டு வச்சிருந்தானுங்க, அவ்வளவு பெருமை அவனுக்கு.

இதெல்லாம் சரியா இருந்து ஆறேகாலுக்கு குடுக்கறாருன்னா எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க. நான் வாங்கிக்கறேன்.

---

மலைக்காத்து:

ஸ்டியரிங் வலது பக்கம்ணே. கன்வெர்ட் பண்ணதுன்னு சொன்னாரு. டெயில்கேட் இருக்கு, சங்கிலி போட்டு தொங்குது. ஓட்டை எண்ணல, போட்டோல பானட் தொறந்திருக்கு.

---

ஒத்த லீவர்:

டெயில்கேட்டோட உலகப்போரா, ஹிட்லருக்கே தெரியாதே

---

சூரியநெல்லி டிரைவர்:

தம்பி நான் கொளுக்குமலைக்கு ஜீப்பு ஓட்றவன், 22 வருசம் ஆச்சு, அதுக்கு முன்ன ஏலத்தோட்டத்துல காய் வண்டி. அண்ணே சொன்ன ஹிஸ்டரி எல்லாம் எனக்கு தெரியாது, வேலைக்கு எதுன்னு மட்டும் சொல்றேன். எங்க ஸ்டாண்டுல நிக்கிற வண்டி பூரா மஹிந்திராதான், கமாண்டர், மேஜர், 540. ஒரு அமெரிக்கன் கூட கெடையாது. அது ஏன்னு யோசிச்சா ஒங்க கேள்விக்கு பாதி பதில் வந்துரும்.

இரும்பு கனம்னு சொல்றாங்க பாருங்க, அது பேச்சு. போர் ஜீப்பு லேசான வண்டி தம்பி, ஆயிரத்து நூறு கிலோ சுத்திதான் வரும், கப்பல்ல ஏத்தணும், சேத்துல மாட்டுனா நாலு சிப்பாய் சேந்து தூக்கி வைக்கணும்னு பண்ண வண்டி, கால் டன்னு கணக்கு. அதுல நாலு ஆளு, ஆறு சாக்கு பச்சக்காய், மேல ஒரு உர மூட்டை வச்சீங்கன்னா பின் ஸ்பிரிங் சிரிச்சிரும். பின்னாடி எடமும் கெடையாது, நாலாவது ஆளு சாக்கு மேலதான் ஒக்காரணும். 540 கொஞ்சம் நீளம், சுமை தாங்கும்.

அடுத்தது இன்ஜின். ஒரு தடவ ஒருத்தர் பெட்ரோல் ஜீப்பு கொண்டாந்தாரு நல்லா மினுக்கி, 17 கொண்டை ஊசிய ஏறி வந்ததும் ரேடியேட்டர் கொதிச்சு மேட்டுல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தாரு, வண்டிக்கும் ஒரு கொடம் தண்ணி. சத்தம் அழகா இருந்துச்சு, அத ஒத்துக்கிறேன். ஆனா மலைப்பாதைல ஃபர்ஸ்ட் கியர் செகண்ட் கியர்லயே உருட்டும்போது எங்க ஆளுங்களுக்கு லிட்டருக்கு அஞ்சு ஆறு தாண்டல. 540ல இருக்கிற அந்த பியூஜோ டீசலு 2112 சிசி, வேகம் கெடையாது, பொகை உண்டு, காலைல குளுருக்கு ஹீட்டர் போட்டு காத்திருக்கணும், ஆனா ஆமை மாதிரி இழுத்துக்கிட்டே போகும், பத்து கிட்ட குடுக்கும். பம்ப்பு நாசில் வேலை தெரிஞ்ச ஆளு கம்பத்துலயும் இருக்கான் தேனிலயும் இருக்கான். ஒங்க வில்லிஸுக்கு கார்புரேட்டர் கிட்டு வேணும்னா யார்ட்ட போவீங்க?

---

சைடுவால்வு:

டிரைவரண்ணே சொல்றதுல ஒண்ணு மட்டும் சேக்கறனுங்க. உதிரிபாகம் கெடைக்காதுங்கறது முழுசா சரியில்ல. போர் ஜீப்புக்கு உலகம் பூரா ஆளுங்க பைத்தியமா இருக்கறதால கேஸ்கெட்டு, பிஸ்டன், கிளட்ச்சு, பாடித் தகடு வரைக்கும் புதுசா இன்னும் பண்றாங்க. அமெரிக்காவுல இருந்து வரவச்சா கப்பல் கூலி, கஸ்டம்ஸ், மூணு வாரம் காத்திருப்பு. மழைக்காலத்துல காய் எடுப்பு நேரத்துல மூணு வாரம் நிப்பாட்டி வைக்க முடியுமாங்க? எனக்கு முடியும், நான் ஞாயித்துக்கிழமை ஓட்டறவன். தம்பிக்கு முடியாது.

இன்னொன்னு, இந்த லோ பானட்டு ஹை பானட்டு வெவகாரம். போர் ஜீப்புல இருந்தது சைடு வால்வு இன்ஜின், 2.2 லிட்டர், 60 குதிரை, வால்வு பூரா பிளாக்குக்குள்ள, ஹெட்டுல ஒண்ணும் இல்ல, அதனால உயரம் கம்மி, பானட்டு தாழ இருக்கும். அப்பறம் வில்லிஸ்காரன் அதே பிளாக்குல இன்டேக் வால்வ மட்டும் ஹெட்டுக்கு தூக்குனான், பவரு 70 தாண்டுச்சு, கூடவே இன்ஜினும் ஒசந்து போச்சு. அத உள்ள வைக்கறதுக்குன்னே 1953ல பானட்டத் தூக்கி சிஜே 3பின்னு விட்டான். அதத்தான் மஹிந்திரா வாங்கி இங்க பண்ணுனாங்க, அமெரிக்காவுல அது 1968லயே நின்னு போச்சு, இங்க அதோட பேரன் பேத்தி எல்லாம் அப்பறமும் பல வருசம் ஓடுச்சு. ஒங்க 540ம் அந்த வம்சந்தானுங்க. அதனால இம்போர்ட்டட் ரத்தம் வேற நாட்டு ரத்தம் வேறன்னு நெனைக்காதீங்க, தாத்தா ஒருத்தருதான்.

பாக்கறதுக்கு தாழ்ந்த பானட்டு அழகா இருக்குதுன்னு மஹிந்திரா ஹை பானட்ட வெட்டி லோ பானட்டு மாட்டறது வடக்க ஒரு தொழிலாவே நடக்குது. அப்டி மாட்டிட்டா "வில்லிஸ்" ஆயிருது, வெலையும் ரெண்டு மடங்கு. போய் பானட்டத் தொறந்து உள்ள எந்த இன்ஜினுன்னு பாருங்க.

---

எழுத்தர் (ஓய்வு):

நண்பரே, எல்லோரும் வண்டியைப் பத்தி பேசுறாங்க, யாரும் பேப்பரைப் பத்தி பேசலை. நான் ஆர்டிஓ ஆபீஸ் வாசல்லயே பாதி வாழ்க்கை ஓட்டினவன். சொந்தமா ஒரு தடவை சூடும் பட்டிருக்கேன், வெளி மாநில வண்டி ஒண்ணு என்ஓசியோட வந்துது, இங்க வந்து பாத்தா ஆர்சில இருக்கிற சேசிஸ் நம்பரும் வண்டில இருக்கிறதும் ஒரே ஒரு எண் வேற. எட்டு மாசம் அலைஞ்சேன், கடைசில வண்டி எடைக்குப் போச்சு.

விஷயத்துக்கு வர்றேன். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா எஃப்சி காட்டி ஆர்சியை அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், தெரியும்ல. அந்த ஃபீஸ்ல உள்நாட்டு வண்டிக்கும் இறக்குமதி வண்டிக்கும் ஏழாம் பொருத்தம். 2022 ஏப்ரல்ல இருந்து சாதாரண காருக்கு 5,000, இறக்குமதி நாலு சக்கரத்துக்கு 40,000. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின வண்டிக்குன்னு இன்னும் ஏத்திட்டாங்க, உள்நாட்டு காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000. எம்எம் 540க்கு அஞ்சு வருஷத்துக்கு பத்தாயிரம் கட்டுவீங்க, ஆர்சில இம்போர்ட்டட்னு பதிஞ்ச வில்லிஸுக்கு எண்பதாயிரம். பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இதை அந்த கோயமுத்தூர் ஓனர் ஒரு மணி நேரப் பேச்சுல சொன்னாரா?

"விண்டேஜ்ல பதிஞ்சுக்கலாம் சார்"னு சொல்லுவாங்க. 2021ல அந்த விதி வந்தது உண்மை. 50 வருஷம் தாண்டின, உருமாத்தாத வண்டிக்கு நம்பர்ல விஏன்னு எழுத்து போட்டு தனி வரிசை, பதிய 20,000, பத்து வருஷம் செல்லும், மறுபடி பதிய 5,000. கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த நம்பர் போட்ட வண்டியை கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண இதுக்குத்தான் ரோட்ல எடுக்கலாம், அன்றாட வேலைக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. ஏலக்காய் சாக்கு ஏத்தினா அது கண்காட்சி இல்லை.

லெஃப்ட் ஹேண்ட் பத்தியும் ஒரு வார்த்தை. அது தடை இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் 120ஆவது பிரிவுப்படி சிக்னல் காட்டுற சாதனம் ஒழுங்கா வேலை செய்யணும், அவ்வளவுதான். ஆனா மலைப்பாதைல முன்னாடி போற பஸ்ஸை ஓவர்டேக் பண்ண இடது பக்கம் ஒக்காந்துகிட்டு எட்டிப் பாக்கிறது உங்க பாடு.

முக்கியமா, ஆர்சியை வாங்கி மூணு வரி படிங்க: தயாரிப்பாளர், வருஷம், எரிபொருள். அதுக்கப்புறம் 52ஆவது பிரிவு. கம்பெனி போட்டதுல இருந்து அனுமதி இல்லாம மாத்தக்கூடாது. இன்ஜின் மாத்தி எழுதாத வண்டின்னா எஃப்சிக்கு போற அன்னிக்கு நீங்கதான் நிக்கணும், வித்தவர் நிக்க மாட்டார்.

---

சூரியநெல்லி டிரைவர்:

எழுத்தரய்யா சொன்னது நூத்துக்கு நூறு. இந்தப் பக்கம் இன்னொன்னும் இருக்கு தம்பி, தமிழ்நாட்டு நம்பர் வண்டிய கேரளாவுல தோட்டத்துலயே போட்டு வச்சிராதீங்க, 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வச்சிருந்தா அங்க நம்பர் மாத்தச் சொல்லுவாங்க. சாயங்காலம் போடிக்கு எறக்கிருங்க, தொல்லை இல்ல. அப்பறம் நாலு ஆளுன்னு சொல்லிட்டு பதினாலு ஆள ஏத்தாதீங்க, இந்தப் பாதைல அத பாத்துப் பாத்து எங்களுக்கு வயிறு எரியுது.

---

மலைக்காத்து:

அண்ணே எல்லாருக்கும், நேத்து காலைல முத பஸ்ல கெளம்பி கோயமுத்தூர் போயிட்டு வந்துட்டேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

கிரில்லுல ஓட்டை 7. ஹெட்லைட் வெளிய துருத்திக்கிட்டு இருக்கு, திருப்பிப் பாத்தேன், திரும்பல, ஓனர் "என்ன தம்பி பண்றீங்க"ன்னு கேட்டாரு. டிரைவர் சீட்டத் தூக்குனா டேங்க் கெடையாது, ஒரு பழைய செருப்பு கெடந்துச்சு. ஆர்சி கேட்டதுக்கு மொதல்ல டீ வாங்கிக் குடுத்தாரு, அப்பறம் போட்டோஸ்டாட் காட்டுனாரு: தயாரிப்பு மஹிந்திரா, 1967, எரிபொருள் பெட்ரோல். பானட்டத் தொறந்தா உள்ள டீசல் இன்ஜின்! ஸ்டார்ட் பண்ணும்போதே சத்தம் தட தடன்னு வந்துச்சு, நான் டிராக்டர் எதுவும் பக்கத்துல ஓடுதோன்னு திரும்பிப் பாத்தேன். கேட்டா "அதெல்லாம் எழுதிக்கலாம், எல்லாரும் அப்டித்தான் ஓட்டுறாங்க"ங்கிறாரு. "1944ன்னு சொன்னீங்களே"ன்னேன், "டிசைன் 1944"ன்னுட்டாரு.

ஒரு வகைல எழுத்தரய்யா சொன்ன 80,000 வராது, ஏன்னா அது இம்போர்ட்டே இல்லியே. அத நெனச்சு சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன். வீட்டுக்காரம்மாகிட்ட வண்டி வித்துப் போச்சுன்னு சொல்லியிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துறாதீங்க.

ஆனாலும் ஒண்ணு சொல்றேன், திரும்பும்போது சைடுவால்வு அண்ணே எனக்கு தனியா போட்டோ அனுப்பியிருந்தாரு அவரோட ஜிபிடபிள்யூவ. அத பஸ்ல உடுமலை தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். ஆச போகல. தோட்டம் நல்லா காச்சா பின்னாடி பாப்போம்.

இப்ப கம்பம் வண்டி. ஞாயித்துக்கிழம போறேன். என்னென்ன பாக்கணும்?

---

சூரியநெல்லி டிரைவர்:

தரை ஓட்டைய விடுங்க, அத தகடு வச்சு ஒட்டிக்கலாம். ஒரு துணிய விரிச்சு கீழ படுங்க. சேசிஸ்ல ஸ்பிரிங் தொங்குற எடம், ஷேக்கிள் கிட்ட, கியர்பாக்ஸ் குறுக்குக் கட்டை கிட்ட, விரிசல் இருக்கா, வெல்டிங் மேல வெல்டிங் போட்டிருக்கா பாருங்க. புதுசா கருப்பு பெயிண்ட் அந்த எடத்துல மட்டும் பளபளன்னு இருந்தா சாவிய வச்சு சொரண்டிப் பாருங்க, கோவிச்சுக்கிட்டா எந்திரிச்சு வந்துருங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம். முன்னாடி ஆக்ஸிலுக்கு போற ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டு இருக்கான்னு பாருங்க. டீசல் மிச்சம்னு சொல்லி பாதிப் பேரு அத கழட்டி எடைக்குப் போட்டிருப்பான், லீவர் மட்டும் அப்டியே நிக்கும், பாக்க ஃபோர்வீல் மாதிரியே இருக்கும். ஷாஃப்ட்டு இருந்தாலும் நம்பாதீங்க, தார் ரோட்ல போட்டுப் பாக்காம ஈர மண்ணுல, மேட்டுல எறக்கி முன் லீவரப் போட்டு, லோ போட்டு, கூட வந்த ஆள வெளிய நிக்கச் சொல்லி முன் சக்கரம் மண்ணப் பறிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. அப்பறம் நாப்பதுல போய் ஒரு பள்ளத்துல விடுங்க, ஸ்டியரிங் கைய ஒதறுச்சுன்னா முன் சக்கரம் திரும்புற எடத்துல இருக்கிற கிங்பின் பேரிங்கு போச்சு, அது சரி பண்ற வேலதான், ஆனா வெலய கொறைக்கலாம்.

பாத்துட்டு பூப்பாறை வரைக்கும் ஓட்டிப் பாக்குறேன்னு கேளுங்க. குடுத்தாங்கன்னா எனக்கு போன் போடுங்க, ஸ்டாண்டுல இருந்து பஸ் புடிச்சு நான் பூப்பாறை வந்துர்றேன்.

---

சைடுவால்வு:

2.80 அதிகமுங்க. தரை ஓட்டையக் காட்டி 2.40ல ஆரம்பிங்க. அந்த நாலு வீல்ல டயரு எந்த வருசம்னு பாத்தீங்களா?

---

மலைக்காத்து:

பாக்கலண்ணே. ஒண்ணுல பட்டனே இல்ல, வழுக்க.